சைக்கிளுக்கு இடம் தரும் தெரு: காவிரி டெல்டா ஊர்களுக்கான கேள்வி–பதில்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி போன்ற ஊர்களில் வார்டு உறுப்பினர்களும் பள்ளி ஆசிரியர்களும் குடியிருப்போர் சங்கத்தினரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இங்கே உள்ளன. நகராட்சிப் பொறியாளர்களுக்கும் பயன்படும்படி அளவுகளையும் சேர்த்திருக்கிறோம்.

எங்கள் ஊர்த் தெருக்கள் குறுகல். சைக்கிளுக்குத் தனிப்பாதை போட இடம் ஏது?

பெரும்பாலான தெருக்களுக்குத் தனிப்பாதை தேவையில்லை. வண்டிகள் 30 கி.மீ. வேகத்துக்குள் போகும் தெருவில் சைக்கிளும் பைக்கும் ஆட்டோவும் ஒன்றாகவே போகலாம். 30 கி.மீ.யில் வரும் வண்டி, ஓட்டுபவர் ஆபத்தைப் பார்த்த இடத்திலிருந்து சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50 கி.மீ.யில் வந்தால் நிற்க 28 மீட்டர் பிடிக்கும். கடைத்தெருவில் ஒரு பையன் சைக்கிளைத் திருப்பும்போது இந்த 15 மீட்டர்தான் உயிரைத் தீர்மானிக்கிறது.

தனிப்பாதை கட்டாயம் வேண்டிய இடம் வேறு. பஸ்ஸும் லாரியும் 40 கி.மீ.க்கு மேல் ஓடும் சாலைகள், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலை மாதிரி மாணவர்களும் கனரக வண்டிகளும் கலக்கும் சாலைகள், புறவழிச்சாலையை ஒட்டிய கிராமத் திருப்பங்கள் ஆகியவை அந்த வகை. அங்கே ஒருவழிப் பாதை என்றால் 2 மீட்டர், இருவழி என்றால் 3 மீட்டர் அகலமும், இடையில் தடுப்புக் கல்லும் வேண்டும். வெறும் வெள்ளைக்கோடு போட்டால் மறுநாளே அது டூவீலர் நிறுத்துமிடமாகிவிடும். அகலம் ஒன்றேகால் மீட்டர்தான் கிடைக்கிறது என்றால் பாதையே போடாதீர்கள். முந்திப்போக வழியில்லாத ஒடுக்கமான பாதையை யாரும் பயன்படுத்த மாட்டார்கள். அந்தக் காசை வேகத்தைக் குறைக்கச் செலவிடுங்கள்.

சைக்கிளுக்கு இதைவிட வசதியான நிலம் கிடைக்காது. மேடு பள்ளம் இல்லாத சமவெளி. நம் ஊர்களில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 5 கி.மீ. இருந்தாலே அதிகம். 15 கி.மீ. வேகத்தில் மிதித்தால் 20 நிமிடம்.

வேகத்தைக் குறைக்க என்னதான் வழி? பலகை வைத்தால் யாரும் மதிப்பதில்லையே?

பலகை மட்டும் போதாது, தெருவின் வடிவம் மாற வேண்டும். முதலில் திருப்பத்தின் முனையைப் பாருங்கள். முனை அகலமாக வளைந்திருந்தால் வண்டி வேகம் குறையாமலே திரும்பும். பஸ் போகாத குடியிருப்புத் தெருவில் வளைவின் ஆரத்தை 3 அல்லது 4 மீட்டராகக் குறைத்துக் கல் பதித்தால் ஓட்டுபவர் தானாகவே பிரேக்கில் கால் வைப்பார்.

அடுத்தது வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) 99ஆம் எண் வழிகாட்டி சொல்லும் வட்ட வளைவு வேகத்தடை 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 செ.மீ. உயரம். 25 கி.மீ. வேகத்தில் கடக்க ஏற்றது. சைக்கிள் இதில் ஏறி இறங்குவது தெரியவே தெரியாது. நம் தெருக்களில் இருப்பதோ பெரும்பாலும் ஒன்றரை அடி அகலத்தில் சிமெண்டைக் குவித்த திட்டு, அல்லது போல்ட் அடித்த ரப்பர் கட்டை. கேரியரில் அரிசி மூட்டையோ பின்னால் குழந்தையோ இருக்கும்போது இந்தத் திட்டில் முன்சக்கரம் துள்ளி ஹேண்டில்பார் திரும்பிவிடுகிறது. ரப்பர் கட்டையில் ஒரு துண்டு பெயர்ந்துபோனால் மிஞ்சும் போல்ட் டயரைக் கிழிக்கும். சைக்கிள் போக வேகத்தடையின் ஓரத்தில் இடைவெளி விடச் சொல்பவர்கள் உண்டு. அந்த இடைவெளியில் முதலில் நுழைவது பைக்தான், அதுவும் வேகம் குறைக்காமல். சரியான அளவில் போட்டால் இடைவெளியே தேவைப்படாது. மழைநீர் ஓட ஓரத்தில் ஒரு சாண் விட்டால் போதும்.

ஒரு வேகத்தடைக்கும் அடுத்ததற்கும் 80 முதல் 100 மீட்டர். அதற்கு மேல் தள்ளிப் போட்டால் நடுவில் மறுபடி முறுக்குவார்கள். மேலே தெருவிளக்கு இருக்க வேண்டும், பட்டைக்கோடு ஆண்டுக்கு ஒருமுறை அடிக்க வேண்டும்.

தேரோடும் வீதிகளில் இதையெல்லாம் எப்படிச் செய்வது?

டெல்டா ஊர்களுக்கே உரிய சிக்கல் இது. வெளியூர் ஆலோசகர்கள் போடும் வரைபடத்தில் பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம். அதன் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஆட்கள் முட்டுக்கட்டையோடு நடக்கிறார்கள். திருப்புவதும் நிறுத்துவதும் அந்தக் கட்டையால்தான். வடம் பிடிப்பவர்கள் வெறுங்காலில் வருகிறார்கள். எனவே நான்கு வீதிகளிலும் நிரந்தரமான வேகத்தடை, நடுத்தடுப்பு, நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு எதுவுமே கூடாது.

கழற்றக்கூடிய கம்பங்களை வைக்கலாம். மூன்று அங்குல ஜி.ஐ. பைப், தரைக்கு மேல் 80 செ.மீ. உயரம், கம்பத்துக்குக் கம்பம் ஒன்றரை மீட்டர். அதைச் செருக நான்கு அங்குலப் பைப்பை 45 செ.மீ. ஆழத்துக்கு கான்கிரீட்டில் புதைக்க வேண்டும். அடியில் ஒரு சாண் உயரத்துக்கு ஜல்லி போட மறந்தால் உள்ளே தண்ணீர் தேங்கி, இரண்டு மழைக்காலத்தில் துரு பிடித்துக் கம்பம் கழலாது. திருவிழா அன்று கம்பத்தை எடுத்த பிறகு குழிக்கு மூடி உண்டு. அந்த மூடி தரையோடு தரையாக, விளிம்பு மழுங்கலாக இருக்க வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் வடம் இழுப்பவரின் கால் கிழியும். கம்பங்களின் சாவியும் எண்ணிக்கைப் பதிவேடும் நகராட்சியிடம் ஒன்று, கோயில் நிர்வாகத்திடம் ஒன்று.

வேகம் குறைக்க இன்னொரு வழி, வண்டி நிறுத்தும் பக்கத்தை மாற்றி மாற்றி அமைப்பது. 50 மீட்டருக்கு இடப்பக்கம், அடுத்த 50 மீட்டருக்கு வலப்பக்கம். நேர்கோட்டில் பறக்க முடியாமல் ஓட்டுபவர் வளைந்து போவார். தேரன்று எப்படியும் வண்டிகளை அகற்றிவிடுவார்கள், வீதி பழையபடி முழு அகலத்துக்கு வந்துவிடும். நிறுத்திய கார்களுக்கும் சைக்கிள் போகும் தடத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் விடுங்கள். திடீரென்று திறக்கும் கார் கதவு சைக்கிள்காரரை நடுரோட்டில் தள்ளும்.

நான்கு வீதிகளையும் ஒருவழியாக்கும்போது, சைக்கிளுக்கு மட்டும் எதிர்த்திசை அனுமதியை அதே அறிவிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். ‘சைக்கிள் நீங்கலாக’ என்று பலகையில் ஒரு வரி, எதிர்த்திசையில் ஒன்றரை மீட்டர் தடம். இது இல்லாவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போக ஒருவர் மூன்று வீதி சுற்ற வேண்டும். அவர் சுற்ற மாட்டார், எதிர்த்திசையில் முறையின்றி வருவார்.

சைக்கிளில் போகிறவர்கள் சாலை ஓரத்திலேயே விழுகிறார்களே, ஏன்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. சைக்கிள்காரருக்குச் சாலை என்பது கடைசி ஒரு மீட்டர்தான். அந்த ஒரு மீட்டரைத்தான் எவரும் கவனிப்பதில்லை.

பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே புதுத்தார் போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் 3, 4 செ.மீ. ஏறுகிறது. மூன்று முறை போட்டால் தாருக்கும் மண் ஓரத்துக்கும் நடுவே நான்கு விரற்கடைக்கு மேல் படி விழுந்துவிடும். பஸ் ஹாரன் கேட்டு சைக்கிள் மண்ணில் இறங்குகிறது. திரும்ப ஏறும்போது சக்கரம் படியைச் சாய்வாகத் தொடுகிறது. டயர் ஏறாமல் விளிம்போடு உராய்ந்து ஓடும், ஆள் எடை மட்டும் சாலைப் பக்கம் சாயும். விழுவது பின்னால் வரும் வண்டிக்கு முன்னால்.

சரிசெய்யும் வழி எளிது. புதுத்தார் போடும் ஒப்பந்தத்திலேயே பழைய அடுக்கைச் சுரண்டுவதைச் சேர்க்க வேண்டும். தாரின் விளிம்பை வெட்டுப்பட்டதுபோல் நேராக விடாமல் சரிவாக அமுக்க வேண்டும். மண் ஓரத்துக்கு கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் விட்டுத் தார் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். ரோலர் விடாத கிராவல் முதல் மழையில் வாய்க்காலுக்குப் போய்விடும்.

அடுத்தது சாக்கடைக் கிராதி. நம் சைக்கிள் டயர் 35 முதல் 40 மி.மீ. அகலம். கம்பி இடைவெளி அதைவிடப் பெரிதாக, போகும் திசையிலேயே நீளவாக்கில் இருந்தால் முன்சக்கரம் அப்படியே உள்ளே இறங்கும். கம்பிகள் குறுக்குவாட்டில் இருக்க வேண்டும், இடைவெளி 20 மி.மீ.க்குள். மாற்றப் பணம் இல்லையென்றால், இருக்கும் கிராதியின் மேல் 10 செ.மீ.க்கு ஒன்றாகக் குறுக்குப் பட்டை வெல்டு செய்யலாம். ஒரு வெல்டர் ஒரே நாளில் ஒரு தெருவை முடித்துவிடுவார்.

மூன்றாவது, லாரியிலிருந்து கொட்டும் மணல். ஓரத்தில் விரல் தடிமனுக்குச் சேர்ந்த மணலில் பிரேக் பிடித்தால் சறுக்கும். திருப்பங்களில் வாரம் ஒருமுறை கூட்டினால் போதும்.

மழைக்காலத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில், சாலையும் சாக்கடையும் ஒரே மட்டத் தண்ணீராகத் தெரியும். திறந்த சாக்கடை ஓரம் 5 மீட்டருக்கு ஒரு கம்பம் நட்டு, முழங்கால் உயரத்துக்கு மேல் மஞ்சள் பட்டையும் ஒளிரும் ஸ்டிக்கரும் ஒட்டுங்கள். இதை செப்டம்பருக்குள் முடிக்க வேண்டும். நிழலில் இருக்கும் பேவர் பிளாக்கில் பாசி பிடிக்கும். ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள்.

ஓட்டுபவர்களுக்கு ஒன்று. நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை உடனே பிடிக்காது. நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாகப் பிடித்து ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைத்துவிட்டு, பிறகு அழுத்துங்கள். வெள்ளைக்கோட்டின் மேல் திரும்பாதீர்கள்.

பாலங்களில்தான் பயமாக இருக்கிறது.

பயத்துக்குக் காரணம் உண்டு. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போவதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். சாலை அகலமாக வந்து பாலத்தில் ஒடுங்கும் இடங்களில், ஓரத்தில் வந்த சைக்கிள் திடீரென்று நடுவுக்கு வர வேண்டியிருக்கிறது. பாலத்துக்கு 50 மீட்டர் முன்பிருந்தே வண்டித் தடத்தைக் கோடு போட்டு ஒடுக்கி, இரு முனையிலும் அகலமான வேகத்தடை அமைத்தால், எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகப் போவார்கள்.

கைப்பிடிச் சுவரையும் அளந்து பாருங்கள். நடப்பவருக்கு இடுப்பளவு போதும். சைக்கிளில் இருப்பவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார், சுவரில் மோதினால் அதைத் தாண்டி ஆற்றில் விழுவார். அவருக்கு 1.4 மீட்டர் வேண்டும். பழைய சுவரின் மேல் ஒரு பைப் பொருத்தினால் இந்த உயரம் கிடைத்துவிடும்.

புதுப்பாலம் கட்டிய பிறகும் பழைய பாலம் பக்கத்திலேயே நிற்கும் ஊர்கள் உண்டு. இடிப்பதற்கு முன், அதன் உறுதியைச் சோதித்து, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும் விடக் கேளுங்கள்.

ஆற்றங்கரையிலும் கல்லணைக் கால்வாய்க் கரையிலும் சைக்கிள் பாதை போடலாமா?

போடலாம், நிழலும் காற்றும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் கரை நீர்வளத்துறையுடையது. அவர்கள் அனுமதி இல்லாமல் நகராட்சி ஒரு கல் நட முடியாது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு முன் தூர்வாரும் பொக்லைன் கரையில் ஓட வேண்டும். ஆகவே கான்கிரீட் பாதையும் நிரந்தரத் தடுப்பும் வேண்டாம். மூன்று மீட்டர் அகலத்துக்கு நன்றாக ரோலர் விட்ட கிராவல் போதும். நுழைவாயிலில் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் கழற்றும் கம்பம் வைத்தால் கார் நுழையாது, பால்கேன் கட்டிய சைக்கிளும் மூன்று சக்கர வண்டியும் நுழையும்.

300 மீட்டருக்கு ஒரு முறையாவது தெருவுக்கு வெளியேறும் வழியும், முழுநீளத்துக்கு விளக்கும் இல்லாவிட்டால் மாலை ஆறு மணிக்கு மேல் பெண்கள் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். படித்துறை வரும் இடங்களில் நடப்பவர்களுக்கே முதல் உரிமை. கரையில் பாதை இருப்பதைக் காட்டி, கடைத்தெருவில் சைக்கிளுக்கு இடம் தர மறுப்பதை ஏற்காதீர்கள். மளிகை வாங்குபவர் ஆற்றங்கரைக்குப் போவதில்லை.

அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் காயவைக்கிறார்கள். என்ன செய்வது?

விவசாயியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுப்பதில்லை. களம் இல்லாதவருக்குத் தார்ச்சாலைதான் களம். ஆபத்து நெல்லில் இருப்பதைவிட அதைச் சுற்றி வைக்கும் கருங்கல்லிலும் மரக்கிளையிலும் இருக்கிறது. பொழுது சாய்ந்த பிறகும் அவை சாலையிலேயே கிடக்கும்.

உடனடியாகச் செய்யக்கூடியது: ஊராட்சி சார்பில் கல்லுக்குப் பதில் ஒளிரும் பட்டை ஒட்டிய பிளாஸ்டிக் கூம்புகள் தருவது, வளைவிலும் பாலத்தின் முகப்பிலும் காயவைக்காமல் பார்த்துக்கொள்வது, ஐந்து மணிக்குள் வாரிவிடுவது. நிரந்தரத் தீர்வு உலர்களம்தான். கிராம சபையில் சாலைப் பாதுகாப்புக் கோரிக்கையாகவே அதை வையுங்கள். டிராக்டரின் இரும்புச் சக்கரம் தார்ச்சாலையில் இறங்குவதைத் தடுப்பதும் இதோடு சேர்த்துப் பேச வேண்டியது. அது கீறிய தாரில் மழைநீர் இறங்கிப் பள்ளமாகிறது.

பள்ளி வாசலில் என்ன மாற்றம் வேண்டும்?

அரசு தரும் விலையில்லா மிதிவண்டியில் வரும் 11, 12ஆம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் வெளியே வருகிறார்கள். அதே நேரத்தில் பெற்றோர் பைக்கும் வேனும் வாசலை அடைக்கின்றன. காலையும் மாலையும் 40 நிமிடம் வாசல் தெருவை இரு முனையிலும் தடுப்பு வைத்து அடைத்துவிடுங்கள். வேனும் பைக்கும் 100 மீட்டர் தள்ளி நிற்கட்டும். தடுப்பில் ஒளிரும் பட்டை இருக்கட்டும், வேலை முடிந்ததும் ஓரமாக மடக்கி வைக்கட்டும். இருட்டில் நடுரோட்டில் மறந்துவிட்ட பேரிகேடே விபத்துக்குக் காரணமாகும்.

சைக்கிள் கைக்கு வந்த அன்றே ஒரு மெக்கானிக்கை அழைத்துப் பாருங்கள். புது சைக்கிளில் நட்டு தளர்ந்திருப்பது சாதாரணம். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலின் முன்பாதமும் தரையில் படும் உயரம், நடுவில் தூக்கினால் அரை அங்குலம் மட்டும் ஆடும் செயின், முழுதாக அழுத்தினாலும் ஹேண்டில்பாரைத் தொடாத பிரேக் பிடி. இந்த மூன்றும் சரியானால் போதும். பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம்.

பெண்கள் சைக்கிள் ஓட்டுவது குறைந்துவிட்டதே?

1990களின் தொடக்கத்தில் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. இன்று தடுப்பது வேகமும் இருட்டும். தெருவிளக்கு இடைவெளியைச் சரிபாருங்கள், மரக்கிளை மறைக்கும் விளக்குகளைக் குறித்துக்கொடுங்கள். பஸ் நிலையம், ரயில் நிலைய வாசலிலேயே வெளிச்சத்தில் சைக்கிள் நிறுத்துமிடம் கேளுங்கள். முன்சக்கரத்தை மட்டும் செருகும் ஸ்டாண்டு ரிம்மை வளைக்கும். தலைகீழ் ‘ப’ வடிவில் வளைத்த பைப், 75 செ.மீ. உயரம், ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் இடைவெளி. ஒன்றில் இரண்டு சைக்கிளைச் சட்டத்தோடு பூட்டலாம்.

கடைக்காரர்கள் எதிர்த்தால்?

சரக்கு இறக்கும் நேரத்தைப் பற்றித்தான் அவர்கள் கவலை. காலை 9 மணிக்கு முன் லோடு வண்டிக்கு இடம் என்று முதலிலேயே எழுதிக்கொடுங்கள். பிறகு கூம்பும் கயிறும் வைத்து இரண்டு வாரம் சோதனை நடத்துங்கள். தீபாவளி, பொங்கல் வாரத்தைத் தவிருங்கள்.

விபத்து நடந்துவிட்டால் என்ன உரிமை உண்டு?

108ஐ அழையுங்கள். ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் பட்டியலிட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு செலவு ஏற்கிறது. தூக்கிக்கொண்டு போனவரைச் சட்டம் பாதுகாக்கிறது (மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 134ஏ). அவர் பெயர் சொல்லக் கட்டாயமில்லை. மோதிய வண்டி நிற்காமல் போனால், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் படுகாயத்துக்கு 50,000 ரூபாயும் இழப்பீடு உண்டு. போலீசில் வழக்குப் பதிவாகியிருக்க வேண்டும்.

யாரிடம், எப்படி மனு கொடுப்பது?

முதலில் சாலை யாருடையது என்று பாருங்கள். ஒரே தெரு பாதியில் நகராட்சியிலிருந்து மாநில நெடுஞ்சாலைத்துறைக்கு மாறும். தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு ‘எங்கள் எல்லைக்கு உட்பட்டதல்ல’ என்று திரும்பும். தெரியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும்போது மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் பார்வைக்கு வைக்கும்படி ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘சாலை மோசமாக உள்ளது, ஆவன செய்யவும்’ என்ற மனுவுக்கு ‘ஆய்வு செய்யப்படும்’ என்ற பதில்தான் வரும். இடம், அளவு, கேட்கும் வேலை ஆகிய மூன்றும் இருக்கட்டும். உதாரணமாக: ‘மேலவீதி தென்முனையில் மூன்றாவது மின்கம்பத்துக்கு எதிரே உள்ள கிராதியின் கம்பி இடைவெளி 60 மி.மீ., நீளவாக்கில் உள்ளது. குறுக்குப் பட்டை வெல்டு செய்து தரவும்.’ அளவு நாடாவை வைத்து எடுத்த படம் ஒன்றை இணையுங்கள். சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் உள்ள குறையால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால் பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு வழிசெய்கிறது. அதையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

கிடைத்த ரசீது எண்ணை வைத்து ஒரு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். அந்தத் தெருவுக்குப் புதுத்தார் போட டெண்டர் வரும் தகவல் கிடைத்தால் காத்திருக்க வேண்டாம். வேலை தொடங்குவதற்கு முன்பே, பழைய தாரைச் சுரண்டுவதும் ஓரத்தைச் சமன்செய்வதும் மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா என்று பொறியாளரிடம் நேரில் கேட்டுவிடுங்கள். தார் ஊற்றிய பிறகு சேர்க்க முடியாது.